கிரேட்டரெக்ஸ் பாதிரியாரின் ஆரோக்கியம்

1868 பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. காலை ஜெபத்துக்குப் பதினோரு பேர். இரண்டு பேர் விழித்திருந்தார்கள்.

மாலை விருந்து. கல்லூரிக்குச் சொந்தமான சபைகளில் ஊழியம் செய்யும் பாதிரியார்களின் பிறந்தநாளன்று, அவரவர் பெயரைச் சொல்லி ஒயின் குடிப்பது எங்கள் வழக்கம். இன்று நார்ஃபோக்கில் லிட்டில் ஸ்னெட்டிங் சபையின் தியோஃபிலஸ் கிரேட்டரெக்ஸ் பாதிரியாருக்கு எண்பத்தொன்று. கல்லூரித் தலைவரான வார்டன் எழுந்து, "கிரேட்டரெக்ஸ் அவர்களின் ஆரோக்கியத்துக்கு" என்றார். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் குடித்தேன். நல்ல ஒயின்.

பக்கத்து நாற்காலியிலிருந்து நண்பன் ஸ்வெய்ன் என் காதருகே குனிந்தான். "மூஞ்சியக் கொஞ்சம் சரி பண்ணுடா. நீயே அவருக்கு விஷம் வெச்ச மாதிரி இருக்கு."

விஷயத்தை ஒருமுறை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் இதன் கேலிக்கூத்து கொஞ்சம் குறையுமோ என்னவோ.

நான் இந்த ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரியின் ஃபெல்லோ, குருப்பட்டம் பெற்றவன். அறை, சாப்பாடு, சம்பளம், நூலகச் சாவி எல்லாம் ஆயுள் முழுக்க உண்டு, மணம் செய்துகொள்ளாதவரை. மணந்தால் அன்றே எல்லாம் போய்விடும். கௌரவமாக வெளியேற ஒரே வழி, கல்லூரிச் சபைகளில் ஏதாவது ஒன்றின் பாதிரியார் இறப்பது. அப்போது அந்தச் சபையும் வீடும் தோட்டமும் வரிசையில் முதலில் நிற்கும் ஃபெல்லோவுக்கு வரும். முதலில் நிற்பவன் நான். எனக்கு அடுத்தவன் ஸ்வெய்ன். மற்ற சபைகளில் இருப்பவர்கள் நாற்பது வயதுக்காரர்கள், குளிர்காலத்திலும் ஆற்றில் நீந்துகிறவர்கள். கிரேட்டரெக்ஸ் ஒருவர்தான் எண்பத்தொன்று.

ஹெஸ்டர் குவெனலுக்கும் எனக்கும் நிச்சயமாகி ஆறு வருடம்.

கேலிக்கூத்து குறையவில்லை.

பிப்ரவரி 13

திருச்சபையின் முப்பத்தொன்பது விதிகளையும் நம்புவதாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரும் என்னை இதுவரை அதில் சோதித்ததில்லை. மணமாகவில்லை என்பதை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

அபிங்டன். ஹெஸ்டரின் வீடு. வரவேற்பறைக் கதவு திறந்திருக்க வேண்டும், அம்மா அறையில் இருக்க வேண்டும், எங்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேசை இருக்க வேண்டும். மேசையில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் பஞ்சடைத்த மீன்கொத்தி. ஆறு வருடமாக அந்தப் பறவையின் தலைக்கு மேல்தான் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

ஹெஸ்டரின் அம்மா திருமதி குவெனல், ஆர்ச்டீக்கன் பதவியிலிருந்த பெரிய குருவின் விதவை. பின்னல் ஊசியிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்:

"மிஸ்டர் லிட்யார்ட், இந்தக் குளிர்ல கிரேட்டரெக்ஸ் ஐயாவுக்கு நெஞ்சுச் சளி எப்படி இருக்காம்?"

"குறைஞ்சுடுச்சாம்."

"அடடா." பிறகு நினைவு வந்தவராக, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார்.

ஹெஸ்டர் இருமலை அடக்குவதுபோலக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணில் சிரிப்பு. விடைபெறும்போது வாசலில் அரை நிமிடம் கிடைத்தது.

"நார்ஃபோக் காத்து வயசானவங்களுக்கு ரொம்ப நல்லதாம். கேள்விப்பட்டீங்களா?" என்றாள்.

"கேள்விப்பட்டேன்."

"நமக்குன்னு பார்த்து அமைஞ்சிருக்கு பாருங்க."

சிரித்தேன். ரயிலில் சிரிப்பு வரவில்லை. அவள் கையுறையின் சுட்டுவிரல் நுனியில் நூல் பிரிந்திருந்தது. அந்தத் துளை வழியே தெரிந்த ஒரு கடுகளவு விரல். ஆக்ஸ்ஃபோர்டு வரும்வரை மனதில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26. சாம்பல் புதன்

விரதம். ஸ்வெய்ன் மூன்று வகை மீன் சாப்பிட்டு உடலை ஒறுத்தான்.

ஏப்ரல் 6, லிட்டில் ஸ்னெட்டிங்

கிரேட்டரெக்ஸ் படுத்துவிட்டார். மூச்சுக்குழல் அழற்சி. ஈஸ்டர் ஆராதனைகளை நடத்த ஒருவரை அனுப்பும்படி கல்லூரிக்குக் கடிதம் வந்தது. வரிசையில் முதல்வன் போவதுதான் முறை என்றார் வார்டன். முறை! பிணந்தின்னிக் கழுகையே வைத்தியத்துக்கு அனுப்பும் முறை.

ரயிலடியிலிருந்து வண்டி ஓட்டி வந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புது ஐயாவா? அவர் இன்னும் இருக்காருங்க," என்றான். குறையாகச் சொன்னானா, எச்சரிக்கையாகச் சொன்னானா தெரியவில்லை.

வீடு. நான் இதை எழுதக் கூடாது. இருந்தாலும் எழுதுகிறேன்: தேன்நிறக் கல். மேற்கே ஐந்து ஜன்னல்கள். தெற்குச் சுவரோடு கிளைகளைக் கைகள்போல விரித்துக் கட்டிய பேரிமரம், முழுக்கப் பூ. வீட்டுக்காரியம் பார்க்கும் திருமதி ட்விடி சாவிக்கொத்தோடு ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து காட்டினாள். "இது படுக்கை விரிப்புங்க. இது வெள்ளிச் சாமான். தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லதுதானே." நான் வேண்டாம் என்றேன். ஆனால் பார்த்தேன்.

எந்த ஜன்னல் அருகே ஹெஸ்டர் உட்காருவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது.

ஏப்ரல் 8

நோயாளிக்கான ஜெபம். படுக்கையில் அவர் ஒரு மலைபோலக் கிடந்தார். மார்பின் மேல் தட்டு, தட்டில் ஆட்டுக்கறி. நான் முழங்காலிட்டு வாசித்தேன். "இந்த உமது அடியானுக்கு நீடிய ஆயுளைத் தந்து" என்ற இடத்தில் என் குரல் தானாகவே இறங்கியது.

"தம்பி, அந்த வரி கேக்கல."

திரும்ப வாசித்தேன்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆண்டவருக்கும் அப்படித்தானோ என்னவோ. சத்தமா."

மூன்றாவது முறை கிட்டத்தட்டக் கத்தினேன். கறியை மென்றுகொண்டே "ஆமென்" என்றார், மனநிறைவோடு.

கெட்டவர் இல்லை. நல்லவரும் இல்லை. எதையும் கற்றுக்கொள்ளாமல் எண்பத்தொரு வயதுவரை வந்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டபடி படிக்கட்டில் நின்றேன். எதற்கு நின்றேன்? அக்கறையா? எண்ணிக்கொண்டிருந்தேனா?

ஏப்ரல் 16

திருமதி குவெனல் வந்தார், ஹெஸ்டரோடு. நார்விச்சில் ஓர் உறவினரைப் பார்க்கப் போகும் வழியில் ஐயாவை நலம் விசாரிக்க வந்தார்களாம். வழி என்றால் பதினாறு மைல் சுற்றுவழி.

தேநீருக்குப் பிறகு திருமதி குவெனலைக் காணவில்லை. மேற்கு அறையில் இருந்தார். கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நாற்காலியின் மேல் ஏறி நின்று ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பத்து நாளாகப் படுக்கையை விட்டு எழாத கிரேட்டரெக்ஸ் இரவுத்தொப்பியோடு வாசலில் வந்து நின்றார்.

"அந்த மூணாவது ஜன்னல் அடிச்சட்டம் கோணல் மேடம்," என்றார் அவர். "திரைக்கு ரெண்டு அங்குலம் கூடவே விடுங்க. எனக்கு முன்னால இருந்தவர் உயிரோட இருக்கும்போது நான் அளந்தேன், ஏமாந்துட்டேன்."

திருமதி குவெனல் நாற்காலியின் மேலிருந்தபடியே, "ஐயா நல்லா தேறி வர்றீங்க," என்றார். அளந்த எண்ணை மறக்காமலிருக்க உதடுகள் அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஹெஸ்டர் தோட்டத்துக்கு ஓடிவிட்டாள். பின்னால் போனேன். பேரிமரத்தடியில் நின்றிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை, அழுகையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று.

"என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல."

"உங்கம்மாதானே..."

"அம்மா நாடாவால அளந்தாங்க. நான் வாசல்ல நுழையும்போதே கண்ணால அளந்துட்டேன். நீங்க?"

அவள் கையுறையைக் கழற்றிப் பூவைத் தொட்டாள். கால்மணி நேரம். ஆறு வருடத்தில் நாங்கள் தனியாக இருந்த மிக நீண்ட நேரம் இதுதான். நான் அவள் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். "ஹெஸ்டர்!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கையுறை மேலேறியது.

ஏப்ரல் 27, ஆக்ஸ்ஃபோர்டு

முழுக்கக் குணமாகிவிட்டார். முயல் வேட்டைக்குப் போகிறாராம்.

ஜூன் 14

என் அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவதை ஆறு வருடத்துக்கு முன் ஹெஸ்டருக்கென்று வாங்கினேன். தாழ்வான நாற்காலி, தையல் வேலை செய்ய வசதியாக. அதில் இன்று ஒரு மாணவன் உட்கார்ந்து, அன்பைப் பற்றிக் கிரேக்கர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு வாசித்துக் காட்டினான். பிழைகளைத் திருத்தினேன்.

ஜூலை 3

வெயில். ஆற்றில் படகுகள். ஒரு கடைக்காரன் தன் மனைவியின் தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போனான், வாய் திறந்தபடி. அவள் தொப்பியால் அவனுக்கு ஈ ஓட்டினாள்.

அவன் ஹீப்ரு அறியாதவன். எந்த விதியிலும் கையெழுத்திடாதவன்.

செப்டம்பர் 20

ஹெஸ்டரின் கடிதம். அம்மா படித்த பிறகே தபாலில் சேரும் என்பதால் வானிலையும் ஞாயிறுப் பள்ளியும்தான் இருக்கும். ஆனால் கடைசியில்: "நேற்று என் அலமாரியில் மணத்துக்கென்று வாங்கிய துணியை எடுத்துப் பார்த்தேன். மடிப்புகளில் மஞ்சள் கோடு விழுந்திருக்கிறது. துவைத்தால் போகும் என்று அம்மா சொல்கிறாள்."

துவைத்தால் போகும்.

அக்டோபர் 8, வியாழன்

இறந்துவிட்டார்.

செய்தித்தாளில் இரண்டே வரி. "ரெவரண்ட் டி. கிரேட்டரெக்ஸ், நார்ஃபோக், வயது எண்பத்தொன்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சனிக்கிழமை அடக்கம்." ஸ்வெய்ன்தான் கொண்டுவந்தான். கதவைத் தட்டவில்லை. "லிட்யார்ட், லிட்யார்ட், போயிட்டார்டா," என்று என்னைக் கட்டிக்கொண்டான். அவனும் ஒரு படி முன்னேறுகிறானே.

யாரும் நார்ஃபோக்குக்கு எழுதிக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? இதே செய்தியை எல்லோரும் மனதுக்குள் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அச்சில் வந்ததுதான் புதிது. வார்டன் நியமனக் கடிதத்தை அப்போதே எழுதி வைத்தார். நிலவறையிலிருந்து பழைய போர்ட் ஒயின் வந்தது. துக்கமாகக் குடித்தோம்.

ஹெஸ்டருக்குத் தந்தி அடித்தேன்.

கடவுள் அவர் ஆன்மாவுக்கு இளைப்பாறுதல் தருவாராக.

ஹெஸ்டர். ஹெஸ்டர். ஹெஸ்டர்.

எவ்வளவு பெரிய மகிழ்ச்சி. அசிங்கமாக இருக்கிறது. உட்கார முடியவில்லை.

அக்டோபர் 9

திருமதி குவெனலின் பதில் தந்தி: "மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். ஞாயிறன்று முதல் ஓலை." ஓலை என்பது மண அறிவிப்பு: எங்கள் பெயர்களைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்ட பிறகுதான் மணம். இறந்தவருக்காக லாவெண்டர் நிறத்தில் அரைத் துக்க உடை தைக்கச் சொல்லியிருக்கிறாராம். மணத்தன்றும் அதையே போட்டுக்கொள்ளலாம் என்று அவர் கணக்கு.

ஆறு வருடம் நான் மிஸ்டர் லிட்யார்ட். இன்று மாப்பிள்ளை.

அடக்கத்துக்குக் கிளம்புகிறேன். ரயிலில் பிரசங்கம் எழுத வேண்டும்.

அக்டோபர் 10, சனி, லிட்டில் ஸ்னெட்டிங்

கதவைத் திறந்தவர் கிரேட்டரெக்ஸ்.

கறுப்பு உடை. கையில் முள்கரண்டி, அதில் கருவாட்டுத் துண்டு. நான் படியில் என்ன செய்தேன் என்று நினைவில்லை. தொப்பியைக் கழற்றினேன் என்று திருமதி ட்விடி சொல்கிறாள்.

"என் அடக்கத்துக்கு வந்தீங்களா தம்பி?" என்றார். "அது டோபியாஸ். என் தம்பி. என்னைவிட இருபது நிமிஷம் சின்னவன். மூணு மைல் தள்ளி அவனும் பாதிரிதான். ரெண்டு பேருக்கும் ஒரே முதலெழுத்து, பத்திரிகைக்காரன் முழுப் பேரும் போட்டிருக்கலாம். உட்காருங்க, சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன். என்னவென்று சொல்லத் தெரியவில்லை, சாப்பிட்டேன்.

டோபியாஸின் அடக்கத்துக்கு ஒரே வண்டியில் போனோம். அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன.

"பிரசங்கமா?"

"ஐயா, மன்னிக்கணும்..."

"வாசிங்க. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு?"

வாசித்தேன். குதிரை நடக்க, சக்கரம் குலுங்க, அவரைப் பற்றி அவரிடமே. பாதியில் நிறுத்தினார்.

"ஏழைங்க மேல இரக்கம்னு எழுதியிருக்கீங்க. அது நான் இல்ல. அது அவன்." கொஞ்ச தூரம் போனதும், "நோயாளிங்களத் தேடிப் போனார்... அதுவும் அவன்தான். பொறுமை. அவனேதான்." பிறகு தாளை வாங்கி மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "பேர மட்டும் மாத்திட்டு இதையே வாசிச்சிடுங்க. நீங்க எழுதினது முழுக்க அவனுக்குத்தான். என்னத் தெரிஞ்சவங்க கேட்டா சிரிப்பாங்க."

அப்படியே வாசித்தேன். டோபியாஸ் சபையின் மக்கள் அழுதார்கள். முன்வரிசையில் அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஒரே தொட்டில்ல கிடந்தோம்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் ஆறு வருடமாக? ஒரு மனிதரின் மூச்சைக் காலண்டராக வைத்துக்கொண்டு...

ரயிலடியில் இறங்கி அபிங்டனுக்குத் தந்தி: "உயிரோடு இருக்கிறார். இறந்தது இரட்டைத் தம்பி. ஓலையை நிறுத்தவும்."

அக்டோபர் 12, திங்கள்

ஓலை நிற்கவில்லை.

தந்தி சனிக்கிழமை மாலையே போய்ச் சேர்ந்திருக்கிறது. திருமதி குவெனல் அதைக் கையுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "ஆம்புரோஸ் லிட்யார்ட், பிரம்மச்சாரி, ஹெஸ்டர் குவெனல், கன்னி" என்று வாசித்தாகிவிட்டது. ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மதியம்தான் கையுறை கழன்றதாம்.

அவர் எனக்கு எழுதியது: "எண்பத்தொரு வயதில், இரட்டையரில் ஒருவர் போன துக்கத்தில், ஞாயிற்றுக்குள் எதுவும் நடக்கலாம் என்று நம்பினேன், மிஸ்டர் லிட்யார்ட்."

மறுபடியும் மிஸ்டர் லிட்யார்ட்.

அக்டோபர் 15, அபிங்டன்

திருமதி குவெனல் தலைவலியோடு மாடியில். வரவேற்பறைக் கதவு சாத்தியிருந்தது. ஹெஸ்டர்தான் சாத்தினாள்.

"தந்தி வந்தப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா?" என்றாள். "ஆடினேன். சமையலறையில. சமையல்காரி கையப் பிடிச்சுக்கிட்டு. ஒரு மனுஷர் செத்துட்டார்னு."

"எனக்கும்தான் ஹெஸ்டர். நானும்..."

"நீங்க ஜெபம் பண்ணிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பீங்க. எனக்கு அதுகூடத் தோணல." கூண்டை எடுத்துத் தரையில் வைத்தாள், மீன்கொத்தியோடு. எங்களுக்கு நடுவே வெறும் மேசை. "இந்த ஆறு வருஷத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆமென் சொல்லும்போது அந்தக் கிழவர்தான் மனசுல வர்றார். இனிமே முடியாது. ஒருத்தர் சாவுக்காக இன்னொரு நாள் காத்திருக்க மாட்டேன். அவர் நாளைக்கே போனாலும் அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

"அப்போ?"

"ஒரு ஓலை வாசிச்சாச்சு. அம்மா வாசிக்க வெச்சது. ரெண்டாவத இந்த ஞாயிறு நான் வாசிக்கச் சொல்லியிருக்கேன். நானே போய்ச் சொன்னேன்." என்னை நேராகப் பார்த்தாள். "மூணாவது உங்க கையில."

"கல்லூரி போயிடும் ஹெஸ்டர். சபையும் போயிடும். எங்க இருப்போம்?"

"தெரியாது."

"கொஞ்சம் யோசிக்க..."

"யோசிங்க," என்றாள். கோபமில்லாமல். அதுதான் பயமாக இருந்தது. "நல்லா யோசிப்பீங்கன்னு தெரியும்."

அக்டோபர் 18

இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டிருக்கும். பதினொன்றேகால் மணிக்கு நூலகத்தில் இருந்தேன். ஒரே பக்கத்தை நாற்பது நிமிடம் படித்தேன்.

அக்டோபர் 21

ஸ்வெய்னிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், மற்றவர்கள் எழுந்து போன பிறகு.

"பைத்தியமாடா உனக்கு?" என்றான். "அவரால இன்னும் ஒரு குளிர்காலம் தாங்க முடியுமா? தம்பியும் போயிட்டார். கொஞ்சம் பொறு. போகாத."

உண்மையாகவே சொன்னான். நல்ல நண்பன். ஆனால் நான் போனால் முதல் இடம் அவனுக்கு. லிண்டன் சாலையில் அவனுக்காக ஒருத்தி ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறாள். "போகாத" என்று சொன்னபோது அவன் கையிலிருந்த கத்தி தட்டின் விளிம்பில் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

மூன்றாவது ஓலை இல்லை. நான் சொல்லி அனுப்பவில்லை.

நவம்பர் 1

இன்றும் இல்லை.

எதற்குப் பயம்? வறுமைக்கா? அது ஒரு காரணம்தான். உண்மை வேறு, இங்கே எழுதியாவது வைக்க வேண்டும்: காத்திருப்பது எனக்குப் பிடித்துப் போய்விட்டது. ஏங்குகிறவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. யாரும் அவனிடம் எதையும் கேட்பதில்லை. நிலக்கரி இருக்கிறதா, குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்பதில்லை. அவன் ஜன்னலருகே நிற்கலாம். அவன் துக்கம் அழகாக இருக்கிறது. அவள் துணியின் மடிப்பில்தான் மஞ்சள் கோடு விழுகிறது.

என்ன அயோக்கியன் நான்.

நவம்பர் 3

அவளிடமிருந்து கடிதம் இல்லை. இரண்டு வாரமாக இல்லை. வானிலைகூட இல்லை.

நவம்பர் 5

வடக்கே யார்க்‌ஷயரில் ஒரு கம்பளி ஆலை நகரத்துப் பள்ளியில் லத்தீன் ஆசிரியர் வேலை. விளம்பரம் பார்த்து எழுதினேன். பதில் வந்துவிட்டது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று தலைமையாசிரியர் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்.

வார்டனைப் பார்த்தேன். "மனைவிக்காகவா?" என்றார். ஏதோ தீராத நோயின் பெயரைச் சொல்வதுபோல. பிறகு, "திருச்சபையை விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவன் ரோமுக்குப் போனான். ஒருவன் நாத்திகத்துக்குப் போனான். யார்க்‌ஷயருக்குப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்," என்றார்.

நவம்பர் 8, ஞாயிறு, அபிங்டன்

நேற்றே வந்து, மூன்றாவது ஓலையை வாசிக்கும்படி குருவிடம் சொல்லிவிட்டேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. துணிவில்லை.

இன்று தேவாலயத்தில் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். முன்வரிசையில் திருமதி குவெனலின் லாவெண்டர் தோள். பக்கத்தில் ஹெஸ்டரின் பழுப்புத் தொப்பி.

"மூன்றாவது முறையாக வாசிக்கிறேன்." குருவானவர் நிறுத்தி மூக்கைச் சிந்தினார். "இவர்கள் இருவரும் பரிசுத்த விவாகத்தில் இணைவதற்கு நியாயமான தடை எதையேனும் உங்களில் எவரேனும் அறிந்தால்..."

திருமதி குவெனல் மட்டும் இருமினார். நீண்ட இருமல். ஆட்சேபமாகக் கணக்கில் கொள்ளலாமா என்று குரு ஒரு கணம் தயங்கியது தெரிந்தது.

பழுப்புத் தொப்பி திரும்பவில்லை. ஆனால் கீழே குனிந்தது. குனிந்து, முன்னிருக்கையின் மரச்சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டது. அப்படியே இருந்தது, பிரசங்கம் முடியும்வரை.

நவம்பர் 14

கிரேட்டரெக்ஸுக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். பதில் வந்தது. கோணல்மாணலான எழுத்து.

"தம்பி, நீங்கள் வரிசையிலிருந்து விலகியது வருத்தம் தருகிறது. பழகிவிட்டீர்கள். அடுத்தவர் எப்படிப்பட்டவரோ. மணத்தை நானே வந்து நடத்தித் தருகிறேன். என் அடக்கத்துக்கு நீங்கள் அவ்வளவு தூரம் வந்தீர்கள். பதிலுக்கு வராவிட்டால் மரியாதையாக இருக்காது."

ஹெஸ்டரிடம் காட்டினேன். சிரித்தாள். பிறகு, "அவர் வேண்டாம். அவர் முன்னால என்னால நிக்க முடியாது," என்றாள். பிறகு நீண்ட நேரம் கழித்து, "வரச் சொல்லுங்க," என்றாள்.

நவம்பர் 26, வியாழன்

காலை பத்து மணி. கடுங்குளிர். மொத்தம் ஒன்பது பேர்.

நார்ஃபோக்கிலிருந்து மூன்று ரயில் மாறி, ஒரு கூடை முயலோடு வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடியை இரண்டாவது ரயிலில் விட்டுவிட்டார். ஜெபப்புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார், கை நீளும் தூரம் தள்ளிப் பிடித்தார். எழுத்து பிடிபடவில்லை. கை நடுங்கியது, புத்தகம் நடுங்கியது. என் சார்பில் சாட்சி நின்ற ஸ்வெய்ன் ஓரடி முன்னே வந்தான்.

அதற்குள் ஹெஸ்டர் பூக்களை என் கையில் திணித்துவிட்டுப் புத்தகத்தின் அடியைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் தாங்கி, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாசித்தார். அவள் தாங்கியபடி நின்றாள். மணப்பெண் சொல்ல வேண்டியதை எல்லாம் அப்படி நின்றபடியேதான் சொன்னாள்.

"மரணம் நம்மைப் பிரிக்கும்வரை" என்ற இடத்தில் அவர் வாசிப்பதை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கி எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

வெளியே வந்ததும் ஸ்வெய்ன் அவரைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றினான். மிக மெதுவாக. "பார்த்துங்கய்யா, படி வழுக்கும். காத்து படுதா? கம்பளி போட்டுவிடட்டுமா?" அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றரை மணி ரயில், வடக்கே. பெட்டியில் நாங்கள் இருவர் மட்டும். இதைப் பென்சிலால் எழுதுகிறேன், குலுங்குகிறது. நடுவில் மேசை இல்லை. என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. வயலைப் பார்த்தோம். மாடுகளைப் பார்த்தோம். பான்பரி தாண்டியதும் அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

பகல் வெளிச்சத்தில், இவ்வளவு அருகில், அவள் தலையை நான் பார்த்ததே இல்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் நரை.

ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "எண்ணாதீங்க," என்றாள்.